பதில் வராமை எதற்குச் சான்று?

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதை மனிதன் எப்படி அறிகிறான் என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்டது. தரையில் குடம் இருந்தால் கண் குடத்தைக் காண்கிறது. குடம் இல்லாதபோது கண் காண்பது தரையை மட்டுமே. அப்படியானால் ‘குடம் இல்லை’ என்ற அறிவு எங்கிருந்து வந்தது? 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர், காணாமையே தனியொரு அளவை, அதாவது அறிவைத் தரும் தனி வழி, என்றார். அனுபலப்தி என்று அதற்குப் பெயர். அதே மீமாம்சையில் வேறு வழி சென்ற பிரபாகரர், வெறுந்தரையைக் கண்டதே போதும், தனி அளவை வேண்டாம் என்றார். நியாய மரபினர் இன்மையையும் புலன்தான் காண்கிறது என்று வாதிட்டனர். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் ஒரு வகையாக்கினார்.

தமிழிலும் இந்த வாதம் பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து வைதிக அளவைவாதி, வேதவியாசர் பத்து அளவைகளும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் கொண்டதாகச் சொல்கிறான். அவற்றில் இன்மையைக் குறிக்கும் அபாவமும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிறர் எண்ணிய அளவைகளை எல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார். நேரில் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

அளவைகளின் எண்ணிக்கையில் இவ்வளவு வேறுபட்டாலும், குமாரிலர் வழியினரும் நியாய மரபினரும் தர்மகீர்த்தியும் ஒரு நிபந்தனையில் ஏறக்குறைய ஒன்றுபடுகிறார்கள். காணாமை இன்மைக்குச் சான்றாக வேண்டுமானால், அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்டிப்பாகப் புலப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சம் உள்ள அறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் நிற்பவன் சொல்ல முடியாது. பிசாசு கண்ணுக்குத் தெரியாதது என்பவரிடம், ‘காணவில்லை, ஆகவே பிசாசு இல்லை’ என்று வாதிட முடியாது. காணத் தக்கதைக் காணாமை மட்டுமே சான்று.

இந்த நிபந்தனை இன்று அதிகமாகச் சோதிக்கப்படும் இடம் அலுவலகக் கணினி வலையமைப்பு. சென்னைக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையில், மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் அச்சரப்பாக்கத்தில் ஒரு கிளை அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் கணக்குகளும் கோப்புகளும் சென்னைத் தலைமை அலுவலகத்தின் சர்வரில் இருக்கின்றன. பொது இணையத்தின் வழியாகவே செய்தி போகிறது; ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் மறையாக்கி, மேலே இன்னொரு உறை போட்டு அனுப்பும் ஏற்பாடு நடுவே இருக்கிறது. அதுதான் விபிஎன். சர்வரின் பெயரைச் சொன்னால் எண்முகவரியைத் தருவது டிஎன்எஸ். எந்த முகவரிக்கு எந்த வாசல் வழியாகப் போவது என்று தீர்மானிப்பது ரூட்டிங். காலையில் திரை நகராமல் நின்றால் அலுவலகத்தில் முதலில் எழும் சொல் ‘சர்வர் டவுன்’. அது ஓர் இன்மைத் தீர்ப்பு. கண்டதோ திரையில் பக்கம் வரவில்லை என்பது மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகளை அறிவு தாண்டிக் குதித்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் பழுதறியும் வேலை.

நெட்வொர்க் பார்ப்பவர் முதலில் எடுக்கும் கருவி பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்துப் பெயர் வைத்தார். ‘இருக்கிறாயா’ என்று ஒரு சிறு பொட்டலம் போகும், ‘இருக்கிறேன்’ என்று ஒன்று திரும்பும். பதில் வந்தால் அது காட்சி, ஐயமில்லை. வராவிட்டால்தான் கேள்வி. பல அலுவலகங்களின் ஃபயர்வால் பிங் கேள்விகளை உள்ளே விடுவதேயில்லை. அப்படிப்பட்ட சர்வர் நல்ல நலத்தோடு வேலை செய்துகொண்டே பிங்குக்கு ஊமையாக இருக்கும். அங்கே பதில் வராமை, இருட்டறையில் குடம் காணாமைக்குச் சமம். நேற்று பதில் சொன்ன சர்வர் இன்று சொல்லவில்லை என்றால் நிலைமை வேறு. பேசும் வழக்கம் உடையது என்று தெரிந்திருப்பதால் மௌனத்துக்கு இப்போது பொருள் உண்டு. ஆகவே பழுது வராத நாளில் எது எதற்குப் பதில் சொல்கிறது என்று குறித்து வைத்திருப்பது பழுது வந்த நாளில் செய்யும் எந்தச் சோதனையையும்விடப் பயனுள்ளது. அந்தக் குறிப்பு இல்லாத இடத்தில் பிங்கின் மௌனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அறிவாகாது.

1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய ட்ரேஸ்ரூட் இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்ணைத் தாங்கிப் போகிறது. கடக்கும்போது ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூச்சியமானால் பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்பியவருக்குச் செய்தி சொல்லும். முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று எண்ணை ஏற்றி அனுப்பினால் வழியில் உள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். திரையில் நான்காம் வரியில் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும் விழுந்து, ஐந்தாம் வரியில் மறுபடி முகவரி வந்தால் புதியவர் நான்காவது இடத்தில் பழுது என்பார். ஆனால் ஐந்தாவதை எட்டிய பொட்டலம் நான்காவதைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நான்காவது ரூட்டர் கடத்துகிறது, பேசவில்லை. பேசுவது அதன் கடமையும் இல்லை. போதாததற்கு, இந்தக் கருவி காட்டுவது போகும் வழியை மட்டுமே. பதில்கள் வேறு வழியாக வரலாம், அந்த வழி திரையில் தெரியாது.

டிஎன்எஸ் முழுக்க முழுக்க உரையின் பாற்பட்டது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இந்த முறையில் எந்தக் கணினியும் இன்னொன்றின் முகவரியைத் தானாகக் காண்பதில்லை, கேட்டே அறிகிறது. அச்சரப்பாக்கத்துக் கணினி தன் அருகில் உள்ள டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது மேலே கேட்டு, அந்தப் பெயருக்கு உரிமையுள்ள சேவையகம்வரை போய்ச் சொல் வாங்கி வரும். உரை எப்போது அளவையாகும் என்பதற்கு மரபு சொல்லும் தகுதி, சொல்பவர் அந்தப் பொருளை உள்ளபடி அறிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருத்தல். டிஎன்எஸ் பழுதுகளில் பெரும்பகுதி இரண்டாம் தகுதியில் வருவதில்லை, முதல் தகுதியில்தான் வருகிறது. அலுவலகத்தின் உள் சர்வர்களின் பெயர் தலைமை அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். விபிஎன் இணைந்த பிறகும் கணினி பழைய பழக்கத்தில் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையே கேட்டால், அது ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்று சொல்லும். சொன்னது பொய்யில்லை, அதற்குத் தெரிந்த உலகத்தில் அந்தப் பெயர் இல்லைதான். கேட்கக் கூடாதவரிடம் கேட்டது கேட்டவரின் பிழை.

இங்கே மூன்று மறுமொழிகளை ஒன்றாக்கிவிடக் கூடாது. ‘பெயர் இல்லை’ என்பது ஒரு திட்டவட்டமான சொல். இன்மையைப் பற்றிய உரை. ‘என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று பொருள்படும் செர்வ்ஃபெயில், சொல்பவர் தன் இயலாமையைச் சொல்வது. பெயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது, பதிலே வராமல் காலம் கடந்துபோவது. பயனாளருக்கு மூன்றும் ‘பக்கம் திறக்கவில்லை’ என்ற ஒரே முகத்தோடு வருவதால்தான் குழப்பம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் நின்றபோது, அந்தப் பெயர்களே இணையத்திலிருந்து அழிந்ததுபோலத் தோன்றியது. பராமரிப்பின்போது கொடுத்த ஓர் ஆணை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. தரவு மையங்களை எட்ட முடியாத அதன் டிஎன்எஸ் சேவையகங்கள் தம்மை அடையும் வழிகளை உலகுக்கு அறிவிப்பதைத் தாமே நிறுத்திக்கொண்டன. சேவையகங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சொல்லத் தகுந்தவர் இருந்தார், அவரிடம் போகும் வழி இல்லை. பெயரின் சிக்கலாகத் தெரிந்தது வழியின் சிக்கல்.

இன்மையை நம்பத்தக்க முறையில் சொல்வது எப்படி என்ற கேள்விக்கு டிஎன்எஸ் கண்ட விடை தத்துவ மாணவர் எவருக்கும் வியப்பளிக்கும். பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறையில், உள்ள பெயர்களுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டு வைக்கலாம். இல்லாத பெயர்களோ எண்ணற்றவை. எல்லாவற்றுக்கும் கையொப்பமிட முடியாது. 2005இல் வெளியான வரையறை இதற்கு ஒரு வழி செய்தது: பெயர்களை வரிசைப்படுத்தி, ‘இந்தப் பெயருக்கு அடுத்தது அந்தப் பெயர்’ என்ற உண்மைக்குக் கையொப்பம். கேட்ட பெயர் இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டியது என்றால் அது இல்லை என்று தெளிவாகிறது. சேவையகம் காட்டுவது இரண்டு இருப்புகளையும் அவற்றுக்கு இடையே இடமின்மையையும். வெறுந்தரையைக் கண்டதே குடத்தின் இன்மையைக் கண்டது என்ற பிரபாகரர் கட்சிக்கு இதைவிடத் துல்லியமான செயல்வடிவம் காண்பது கடினம்.

ரூட்டிங்கில் காட்சியும் உரையும் போதாமல் கருதல் தலையெடுக்கிறது. இங்கே மௌனத்தைவிட ஆபத்தானது தவறான பதில். தனியார் வலைகளுக்கென 1996இல் ஒதுக்கி உறுதிசெய்த முகவரித் தொகுதிகளை உலகெங்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்; 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டு மோடம்கள் பலவற்றில் பிறப்பிலேயே அமைந்தவை. தலைமை அலுவலகத்திலும் அதே தொகுதி இருந்து, ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக 192.168.1.10 என்ற சர்வரைத் தேடினால், அவருடைய கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும் வாய்ப்பு அதிகம். அந்த எண்ணில் வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தால் அது பிங்குக்கு அழகாகப் பதில் சொல்லும். ‘சர்வர் இருக்கிறது, ஆனால் கோப்பு திறக்கவில்லை’ என்று அவர் எழுதுவார். பழுதைக் கயிற்றைப் பாம்பென்று காணும் திரிபுக் காட்சி இது. இதற்கு மருந்து அறிவு மட்டுமே. பதில் சொன்னது யார் என்று தெரிந்த கணமே மயக்கம் தீர்கிறது, பிரிண்டரில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

இன்னொரு வகைப் பழுதில் கேள்வி சர்வரை அடைகிறது, சர்வர் பதிலும் எழுதுகிறது, ஆனால் சென்னை ரூட்டருக்கு அச்சரப்பாக்கத்துக்குத் திரும்பும் வழி சொல்லப்படவில்லை. பதில் பொது இணையத்தின் பக்கம் போய் அழிகிறது. கிளையிலிருந்து எத்தனை முறை சோதித்தாலும் மௌனம்தான். சர்வரில் உட்கார்ந்து வந்துபோகும் பொட்டலங்களைப் பதிவுசெய்யும் கருவியை ஓட்டினால் ஒரே நிமிடத்தில் கேள்வி வருவதும் பதில் போவதும் தெரியும். புலப்படும் தகுதி பொருளுக்கு மட்டும் உரியது இல்லை, நிற்கும் இடத்துக்கும் உரியது. ஒரு முனையில் நின்றுகொண்டு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் நாள் கழிக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. மறுமுனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு அதை மிச்சப்படுத்தியிருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, பாதி வேலை செய்யும் இணைப்பு. உள்நுழைவுப் பக்கம் வருகிறது. அறிக்கையைத் திறந்தால் திரை உறைகிறது. சாதாரண இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட்டுவரை இருக்கலாம். விபிஎன் தன் உறையைப் போடும்போது உள்ளே இருக்க வேண்டிய அளவு குறைகிறது. வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்கிறது. பெரிய பொட்டலம் நடுவில் ஓரிடத்தில் கொள்ளாவிட்டால் அந்த ரூட்டர் ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று திரும்பச் சொல்ல வேண்டும் என்பது 1990இல் வகுத்த முறை. பாதுகாப்பு என்ற பெயரில் அந்த வகைச் செய்திகள் அனைத்தையும் தடுத்துவிட்ட ஃபயர்வால் நடுவே இருந்தால், பெரிய பொட்டலம் கைவிடப்படுகிறது, கைவிட்ட செய்தியும் வருவதில்லை. தர்க்க நூல்கள் சொல்லும் அன்வய வியதிரேகம் இங்கே அப்படியே பயன்படுகிறது: ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு பிங் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஓரளவுவரை ஒவ்வொரு முறையும் பதில் வரும், அதைத் தாண்டினால் ஒருமுறையும் வராது. பேரளவு இருந்தால் பழுது, இல்லாவிட்டால் பழுதில்லை. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அசையாமல் வைத்தால்தான் இந்த முடிவு நிற்கும். ஒரே நேரத்தில் மோடத்தை மாற்றி, விபிஎன்னைப் புதுப்பித்து, ஃபயர்வாலையும் திறந்துவிட்டவருக்குப் பழுது தீரலாம், காரணம் தெரியாது.

தடையைப் பற்றிய சமயச் சிந்தனைக்கு அச்சரப்பாக்கம் அறிமுகம் தேவைப்படாத ஊர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஆட்சீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. முப்புரம் எரிக்கச் சிவபெருமானுக்குத் தேவர்கள் தேர் அமைத்தார்கள்: பூமி தேர்த்தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், வேதங்கள் நான்கும் குதிரைகள், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் இவ்வூரில் தேரின் அச்சு முறிந்தது என்கிறது தலபுராணம். திருப்புகழின் விநாயகர் துதியும் இந்நிகழ்ச்சியைச் சொல்கிறது. பேருறுப்புகள் எதிலும் குறையில்லை. முறிந்தது சக்கரங்களுக்கு நடுவே கண்ணில் படாத உறுப்பு. சைவ சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என்று மூன்றாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். தேரின் பழுது துணைக்காரணத்தில் நேர்ந்தது. எல்லாம் வல்லவனுக்கு எப்படித் தடை வரும் என்று கேட்பவருக்கு, தடை அவனுக்கு வரவில்லை, கருவிக்கு வந்தது என்பது சித்தாந்த நோக்கில் கிடைக்கும் விடை. புரங்களை அவன் சிரிப்பாலேயே எரித்தான் என்று சொல்லும் வடிவங்களும் வழங்குகின்றன.

இதற்குள் இன்னும் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. தடை என்பது ஓர் இன்மையா, ஒரு பொருளா? நியாய வைசேடிகருக்கு இருள் ஒளியின் இன்மை. மீமாம்சகர் பலருக்கு அது ஒரு பொருள். ஆன்மாவை மறைக்கும் ஆணவத்தைச் சைவ சித்தாந்தம் அறிவின் வெறும் இன்மையாகக் கொள்வதில்லை. செம்பில் களிம்புபோல உள்ள ஒரு பொருள் என்று அழுத்திச் சொல்கிறது. பொருளென்றால் அறிந்த மாத்திரத்தில் அது போகாது. கண்ணில் படலம் படர்ந்திருக்கிறது என்று நோயாளி தெரிந்துகொள்வதால் பார்வை வருவதில்லை, மருத்துவர் கைவைக்க வேண்டும் என்று ஆகம ஆசிரியர்கள் வாதித்தார்கள். பழுதையைப் பாம்பென்று கண்ட மயக்கத்தை உவமையாக வைத்து, ஞானமே போதும் என்ற அத்வைதத்துக்கு அவர்கள் தந்த மறுப்பு இது. வலையமைப்பில் இரண்டு கட்சிக்கும் இடம் உண்டு. வீட்டுப் பிரிண்டரைச் சர்வர் என்று எண்ணியது அத்வைதியின் பாம்பு. ஃபயர்வாலில் யாரோ என்றோ எழுதிய ஒரு விதி சித்தாந்தியின் படலம், நீக்கினால்தான் நீங்கும். அலுவலகப் பழுதுகளில் இரண்டாம் வகையே மிகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. ‘கனெக்‌ஷன் இல்லை’ என்று இன்மையாகச் சொல்லப்படும் புகாரின் கீழே, பெரும்பாலும் ஏதோ ஒன்று இருந்துகொண்டு மறைக்கிறது.

அது மறைக்கும் விதமும் இரண்டு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரத்தின் பெயரே இருள்மல நிலை. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டும். ஆணவமோ பிறவற்றையும் தன்னையும் சேர்த்தே மறைக்கும் என்று அங்கே வேறுபடுத்துகிறார். ஃபயர்வாலுக்கும் இவ்விரண்டு குணங்களையும் கொடுக்கலாம். மறுப்புச் சொல்லித் திருப்பியனுப்பும்படி அமைத்தால் ‘தடை இங்கே’ என்று கேட்டவருக்கு உடனே தெரியும். சத்தமில்லாமல் கைவிடும்படி அமைத்தால் பொட்டலமும் தெரியாது, தடுத்ததும் தெரியாது. வெளியுலகை நோக்கிய வாசலில் இரண்டாவதற்கு நியாயம் இருக்கலாம். சொந்தக் கிளைக்கும் தலைமைக்கும் இடையே அதை வைப்பது தன் ஊழியரையே இருட்டில் நிறுத்துவது.

தடையை நீக்கிய பிறகும் விளைவு சிறிது நேரம் நீடிப்பதுண்டு. பெருங்காயம் எடுத்த பாண்டத்தில் வாசனை தங்குவதுபோல மலம் நீங்கியவரிடமும் அதன் வாசனை சிறிது தங்கும் என்பது சித்தாந்தம். அதுபோல டிஎன்எஸ் சேவையகங்கள் ‘பெயர் இல்லை’ என்ற பதிலையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் என்பதை அந்தப் பெயர்த்தொகுதிக்கு உரிமையுள்ளவரே குறித்து வைக்கிறார். 1998இல் வெளியான வரையறை, ஒன்று முதல் மூன்று மணிநேரம் நன்றாக வேலை செய்கிறது என்றும் ஒரு நாளைத் தாண்டினால் தொல்லை என்றும் சொல்கிறது. ஆகவே சென்னையில் விட்டுப்போன பெயரைப் பதிவில் சேர்த்த உடனே அச்சரப்பாக்கத்தில் சோதித்தால், காலையில் கேட்ட அதே ‘இல்லை’ நினைவிலிருந்து வரக்கூடும். அதை வைத்துத் திருத்தம் தவறு என்று முடிவுகட்டி, சரியாகச் செய்ததை மறுபடி கலைப்பவர்கள் உண்டு. கிளையின் டிஎன்எஸ் சேவையகத்திலும் கணினியிலும் நினைவைத் துடைத்துவிட்டுக் கேட்க வேண்டும், அல்லது குறித்த நேரம் கழியும்வரை பொறுக்க வேண்டும். நினைவைத் துடைக்க அனுமதி இல்லாத இடத்தில், உரிமையுள்ள சேவையகத்தையே நேரடியாகக் கேட்டுப் பதிலைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.